சாமிப்படத்துக்கு என்ன விலை சொல்வது?

வாசகர் கடிதம்:

ஐயா, வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வயது 63. எங்கள் பாட்டி 1937-இல் ரஜூலா கப்பலில் வந்தபோது தகரப்பெட்டிக்குள் ஒரு லட்சுமி படத்தையும் வைத்துக் கொண்டுவந்தாராம். ரவிவர்மா படம் என்றுதான் வீட்டில் சொல்வோம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்தபோது, ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து மத்தியானத்தில் உட்கார்ந்து, அந்த லட்சுமியின் சேலைக்குச் சரிகைத் துண்டும் சமிக்கியும் ஒட்டியிருக்கிறார். தோட்டம் கைமாறி நாங்கள் தாமானுக்கு (புதுக் குடியிருப்புப் பகுதிக்கு) வந்து 26 வருஷமாகிறது. படமும் கூடவே வந்தது.

15 வருஷத்துக்கு முன் சட்டம் மாற்றக் கொண்டுபோனபோது பிரேம் கடைக்காரர், "நல்ல படத்தை ஜிகினா ஒட்டிக் கெடுத்துட்டாங்க, 20 வெள்ளிக்குக்கூடப் போகாது" என்றார் (வெள்ளி என்பது எங்கள் ரிங்கிட்). போன மாதம் பழைய சாமான் வாங்குகிற ஒருவர் வந்து 1,800 வெள்ளி தருகிறேன் என்கிறார். சமிக்கி இருப்பதால்தான் அந்த விலையாம். என் மகனோ, "இதே படத்தை நெட்டிலிருந்து எடுத்து 30 வெள்ளிக்குப் புதுசா பிரிண்ட் போட்டுக்கலாம், வித்துடுங்கம்மா" என்கிறான். யார் சொல்வது சரி? இந்தப் படத்தின் உண்மையான மதிப்பு என்ன? விளக்குப் புகையில் படம் மங்கிவிட்டது. நாலைந்து சமிக்கி உதிர்ந்து கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறது. துடைத்துச் சுத்தம் செய்யலாமா?

(பெயர் வேண்டாம்), சுங்கை சிப்புட்

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். துடைக்காதீர்கள். ஈரத்துணி, டிஷ்யூ, எண்ணெய், எதுவும் வேண்டாம். உங்கள் பாட்டி காலத்தில் உலோகச் சமிக்கியும் இருந்தது, ஜெலட்டினில் செய்த சமிக்கியும் இருந்தது. ஜெலட்டின் சமிக்கியில் ஈரம் பட்டால் குழைந்து ஒட்டிக்கொள்ளும், அதிகம் நனைந்தால் கரைந்தே போகும். உங்களிடம் இருப்பது எது என்று கண்ணால் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. அதுவரை கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் காய்ந்த துணியால் துடையுங்கள், போதும்.

இப்போது விலை விஷயம். பிரேம் கடைக்காரரும் பொய் சொல்லவில்லை, போன மாதம் வந்தவரும் பொய் சொல்லவில்லை என்றால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? 15 வருஷத்துக்கு முன் இந்த மாதிரிப் படங்களைத் தேடியவர்களில் பலருக்கு அச்சகத்திலிருந்து வந்த மாதிரியே, யார் கையும் படாத படம்தான் வேண்டும். வாங்கியவர் ஒட்டியது, எழுதியது, பொட்டு வைத்தது எல்லாம் அவர்கள் கணக்கில் குறை. இன்று அச்சுப்படத்தைக் கணினியில் யாரும் பார்க்கலாம், உங்கள் மகன் சொல்வது போல 30 வெள்ளிக்கு அச்சடிக்கவும் செய்யலாம். அதனால் அச்சுக்கு மேலே என்ன இருக்கிறது என்று தேடுகிறார்கள். ஒரே அச்சுப்படம் ஆயிரக்கணக்கில் இருக்கும். உங்கள் பாட்டி எந்தச் சுருக்கில் எந்தச் சமிக்கியை வைத்தாரோ அது ஒன்றுதான் இருக்கும். 20 வெள்ளிக்குக் காரணமாக இருந்த அதே பசைதான் இன்று 1,800-க்கும் காரணம்.

இது சாமிப்படத்துக்கு மட்டும் நடப்பதில்லை. அல்மா-டடீமா என்று ஓர் ஓவியர், நெதர்லாந்தில் பிறந்து லண்டனில் பெரும்புகழோடு வாழ்ந்தவர். குழந்தை மோசஸை ஆற்றிலிருந்து எடுத்துவரும் காட்சியை 1904-இல் ஒரு செல்வந்தருக்காக வரைந்து கொடுத்து 5,250 பவுன் வாங்கினார். அந்தக் காலத்தில் அது பெரிய பணம். பிறகு ரசனை மாறியது. பளிங்கும் பட்டும் நுணுக்கமாக வரைகிறவர்களைக் கேலி செய்கிற காலம் வந்தது. 1960-இல் அதே படம் 252 பவுனுக்கு விற்றது. வாங்கியவர்களுக்குச் சட்டம்தான் வேண்டியிருந்தது, ஓவியம் இருந்த துணியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுப் போனார்கள் என்று ஒரு கதைகூட உண்டு. கதையை நான் நம்பச் சொல்லவில்லை, விலை மட்டும் நிஜம். 2010-இல் நியூயார்க் ஏலத்தில் அதே படம் சுமார் 3 கோடியே 59 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போனது. படத்தில் ஒரு கோடு கூடவில்லை, குறையவில்லை. நடுவில் இரண்டு மூன்று தலைமுறை ஆட்கள் மாறினார்கள், அவ்வளவுதான். ஆகவே "உண்மையான மதிப்பு" என்று ஒன்று படத்துக்குள் ஒளிந்திருப்பது போலவும், நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்றும் நினைக்காதீர்கள்.

சரி, பூதக்கண்ணாடி என்றதும் ஞாபகம் வருகிறது. "ரவிவர்மா படம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது ரவிவர்மா படம்தானா?

ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து ஆட்களையும் இயந்திரத்தையும் வரவழைத்தார். சுண்ணாம்புக் கல்லில் படத்தை வரைந்து, நிறத்துக்கு ஒரு கல்லாக வைத்து, ஒரே தாளை மறுபடி மறுபடி அழுத்தி எடுக்கிற கல்லச்சு அது. பிறகு அச்சகம் லோனாவாலா பக்கம் மளவ்லி என்ற இடத்துக்கு மாறியது. கையைச் சுட்டுக்கொண்ட ரவிவர்மா, 1900களின் தொடக்கத்திலேயே அதைத் தன்னிடம் வேலை பார்த்த பிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரிடம் விற்றுவிட்டார். 1906-இல் ரவிவர்மா காலமான பிறகும் பல வருஷம் அச்சகம் அவர் பெயரிலேயே ஓடியது. அதைப் பார்த்து வேறு அச்சகங்களும் அதே லட்சுமியை, அதே சரஸ்வதியைப் போட்டு விற்றன. கடைசியில் மஞ்சள் தாமரையோ சிவப்புத் தாமரையோ, யார் அச்சடித்த சாமியானாலும் நம் ஜனங்களுக்கு அது "ரவிவர்மா படம்" ஆகிவிட்டது. உங்கள் வீட்டில் சொல்கிற பெயரும் அப்படி வந்ததாக இருக்கலாம்.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். படத்தின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். ரவிவர்மா பெயரோடு பம்பாய் என்றோ, கார்லா-லோனாவாலா என்றோ போட்டிருக்கும். சட்டத்துக்கு அளவு சரியாக வரவேண்டும் என்று ஓரத்தை வெட்டித் தள்ளிய புண்ணியவான்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் இல்லாமலும் போகலாம். அப்படியானால் பூதக்கண்ணாடியை எடுத்து, பாட்டி ஒட்டாத இடமாக, லட்சுமியின் கன்னத்தையோ பின்னால் இருக்கிற வானத்தையோ பாருங்கள். புள்ளிகள் அரிசி நொய்யைக் கொட்டியது போல ஒழுங்கில்லாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் கல்லச்சு. எல்லாப் புள்ளியும் அளவெடுத்து வரிசையாக, சின்னப் பூப்பூவாக நின்றால் அது பிற்காலத்து ஆப்செட் இயந்திர அச்சு. 1937-இல் தகரப்பெட்டியில் வந்தது என்றால் கல்லச்சாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. அந்தப் படமே ஒரு நகல்தான். அரண்மனைகளுக்கு எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவர் ரவிவர்மா. அதை வாங்க முடியாதவர்களுக்காக அச்சடித்ததுதான் உங்கள் பாட்டியின் பெட்டிக்கு வந்தது. எண்ணெய் ஓவியம் போலத் தெரியட்டும் என்று மேலே வார்னிஷ்கூடப் பூசினார்கள். இப்போது பழுப்பேறியிருப்பதில் பாதி விளக்குப் புகை, பாதி அந்த வார்னிஷாக இருக்கும். ஆக, உங்கள் மகன் 30 வெள்ளிக்கு நகல் எடுக்கலாம் என்று சொன்னதற்காக அவரைத் திட்டாதீர்கள். அவர் கொள்ளுப்பாட்டி செய்ததும் அதுதான்.

அப்புறம் படித்தவர்கள் இந்த அச்சுப்படங்களை எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? நம்மவரான கலை அறிஞர் ஆனந்த குமாரசாமியே ரவிவர்மாவின் பாணியைக் கடுமையாக விமர்சித்தார். மேல்நாட்டு நாடகத்தனம், நம் மரபில்லை என்பது அவர் கட்சி. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பல பத்தாண்டுகள் வரை "காலண்டர் ஓவியம்" என்பதே வசவாக இருந்தது. கோவில்பட்டியில் இருந்துகொண்டு, சிவகாசி அச்சகங்களுக்காக ஆயிரக்கணக்கான வீடுகளின் சாமியை வரைந்த கொண்டைய ராஜுவையும் அந்த ஒரு சொல்லில் தள்ளிவிட்டார்கள். பிறகு காற்று திரும்பியது. 1979-இல் இந்திய அரசு ரவிவர்மாவின் ஓவியங்களை நாட்டின் கலைச்செல்வம் என்று அறிவித்து, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை போட்டது. 2023-இல் அவருடைய யசோதையும் கிருஷ்ணனும் எண்ணெய் ஓவியம் மும்பை ஏலத்தில் 38 கோடி ரூபாய்க்குப் போனது. (உடனே உங்கள் படத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். அது அவர் கையால் வரைந்தது. அச்சுப்படத்துக்கு அந்த விலையின் வாடைகூட வீசாது.)

ஆனால் விமர்சகர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே சமயத்தில் இந்தப் படங்கள் வேறொரு வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தன. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைந்தது 1939 ஜூலையில். உங்கள் பாட்டி கப்பல் ஏறி இரண்டு வருஷம் கழித்து. உங்கள் குடும்பம் எந்த ஊர், எந்தச் சாதி என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தேவையும் இல்லை. ஆனால் பால்மரம் வெட்ட வந்தவர்களில் எத்தனையோ பேர் ஊரில் கோபுரத்தை வெளியே நின்று கும்பிட்டவர்கள். அவர்களுக்குக் கருவறைச் சாமியை முகத்துக்கு முகம் காட்டியது இந்தத் தாள்தான். கருவறையில் சாமிக்குச் சேலை சாத்துவது குருக்களின் வேலை. லயத்து வீட்டில் அந்த உரிமையை உங்கள் பாட்டி தானே எடுத்துக்கொண்டார். இந்தச் சமிக்கியை நான் அப்படித்தான் பார்க்கிறேன். வாங்க வந்தவர் "தோட்டத்துக் கைவேலை" என்று சொல்லியிருப்பார். அதுவும் தப்பில்லை, ஆனால் அவர் பார்வையில் அது அலங்காரம், பாட்டிக்கு அது சாத்துப்படி.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு தப்புச் செய்து தெரிந்துகொண்டேன். தாள் ஓவியங்களைப் பழுது பார்க்கிற இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் முருகன் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். கண்ணாடி இல்லாமல் மாட்டியிருந்த படம். நெற்றியிலும் பாதத்திலும் செம்பழுப்பில் கறை. நான் மூன்று நாள் உட்கார்ந்து, பஞ்சுக்குச்சியால் ஒத்தி ஒத்தி, கறை இருந்த இடமே தெரியாமல் எடுத்துவிட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது. படத்தை வாங்கிப் பார்த்த அவருடைய அம்மா, பாதத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "அவரு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தொட்டு வெச்ச எடமாச்சே, அது எங்கய்யா?" என்றார். அவர் கணவர் 30 வருஷமாக வைத்த சந்தனமும் குங்குமமும். நான் அழுக்கென்று எடுத்தது அதைத்தான். திருப்பி வைக்க முடியுமா? காசு வாங்காமல் அனுப்பினேன். அது பரிகாரம் ஆகாது என்று எனக்கும் தெரியும். அன்றிலிருந்து எந்தப் படம் வந்தாலும், எது கறை என்று வீட்டுக்காரர்களைக் கேட்காமல் கை வைப்பதில்லை.

இன்று ஏன் திடீரென்று விலை வந்தது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். ஈப்போ பழைய டவுனில் காப்பிக்கடைப் பக்கம் போய்ப் பாருங்கள். எனாமல் கூஜா, அடுக்குத் தூக்கு, பால் வாளி எல்லாம் அலமாரியில் அழகாக அடுக்கியிருக்கும். பால் பிடிக்கிற மங்கில் செடி வளர்க்கிறார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயம் போய்த் தாமான் வந்து, வெட்டுக்கத்தியைக் கையில் பிடித்தவர்கள் குறைந்துபோன பிறகுதான் அந்தக் கத்தி சுவரில் ஏறியது. அது புழக்கத்தில் இருந்தவரை யாருக்கும் அழகாகத் தெரியவில்லை. விடிகாலையில் கொசுக்கடியில் வாளி சுமந்தவருக்கு அது தோள்வலி, குளிர்சாதனம் போட்ட கடையில் காப்பி குடிக்கிறவருக்கு அது பாரம்பரியம். எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அந்த மோகம் இல்லையென்றால் பாதிச் சாமான் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும் என்பதும் உண்மை.

விற்பதா வேண்டாமா என்பதற்கு வருகிறேன். 1,800 என்பது அநியாய விலை என்று சொல்ல மாட்டேன், நியாய விலை என்றும் சொல்ல மாட்டேன். ஒருவர் சொன்னது ஒரு விலை, அவ்வளவே. விற்பதாக இருந்தால் இன்னும் இரண்டு பேரிடமாவது கேளுங்கள். சமிக்கியை எடுத்துத் தந்தால் கூடத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். முக்கியமாக, விலை கேட்பதற்கு முன் ஒரு விஷயத்தை நீங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவேண்டும்: உங்கள் வீட்டில் அது இன்னும் சாமியா, இல்லை பழம்பொருளா?

அரியலூர்ப் பக்கம் ஸ்ரீபுரந்தான் என்ற சின்ன ஊர்க் கோயிலின் நடராசரைத் திருடி விற்றார்கள். கான்பெராவில் இருக்கிற ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008-இல் அதை சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. அங்கே செருப்புக் காலோடு நின்று அதன் அழகை ரசித்தார்கள். உண்மை வெளியான பிறகு 2014-இல் இந்தியாவுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஊரில் கடவுள், கூடத்தில் கலை, வழக்கில் சாட்சிப் பொருள். திருட்டு வேறு, நீங்கள் மனமொப்பி விற்பது வேறு, அதைப் போட்டுக் குழப்பவில்லை. கைமாறும்போது ஒரு சாமிக்கு என்னவெல்லாம் ஆகிறது என்பதற்காகச் சொன்னேன்.

என் சாய்வு எந்தப் பக்கம் என்று கேட்டால் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை அந்தப் படத்துக்கு முன்னால் விளக்கேற்ற ஓர் ஆள் வீட்டில் இருக்கும்வரை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிறகு மகன் அதை ஸ்டோர் ரூமில்தான் போடுவார் என்று உங்களுக்கே தோன்றினால், இப்போதே நல்ல இடமாகப் பார்த்துக் கொடுப்பது மேல், விலைக்கானாலும் சரி. எந்த முடிவானாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பாட்டியின் பெயர், ஊர், கப்பல், எந்தத் தோட்டம், எந்த வருஷம் ஒட்டினார், யார் பார்த்தது, எல்லாவற்றையும் ஒரு தாளில் உங்கள் கையெழுத்தில் எழுதி, அந்தத் தாளைப் படத்தில் ஒட்டாமல், ஓர் உறையில் போட்டுச் சட்டத்தின் பின்பக்கம் செருகி வையுங்கள். அது இல்லாவிட்டால் யார் வீட்டுச் சுவரிலோ அது "பெயர் தெரியாத ஒரு பெண் செய்தது" என்று தொங்கும்.

வைத்துக்கொள்வதாக இருந்தால் இன்னும் சில. பின்பக்கம் பிளைவுட் பலகை இருந்தால் எடுத்துவிட்டு அமிலமில்லாத அட்டை வைக்கச் சொல்லுங்கள். பலகையில் கசிகிற அமிலம்தான் தாளை அப்பளமாக்குகிறது. கண்ணாடி படத்தில் நேராக ஒட்டக்கூடாது, நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது சமிக்கியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். நடுவில் அட்டை விளிம்பு கொடுத்து இடைவெளி விடவேண்டும். மைதாப் பசைக்குப் பூச்சி வரும், அதனால் வருஷத்துக்கு இரண்டு தரம் பின்பக்கத்தைப் பாருங்கள். வெயில் படுகிற சுவர் ஆகாது, வெளுத்த நிறம் திரும்பி வராது. விளக்கை நிறுத்தச் சொல்ல நான் யார்? மூன்றடி தள்ளி வையுங்கள். சரிகை கறுத்திருந்தால் புளி போட்டுத் தேய்க்க ஆசை வரும். வேண்டாம்.

லாமினேட் பண்ணித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் படத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், முழுப்படம் ஒன்று, கீழ் ஓரம் ஒன்று, சேலையின் சமிக்கி நெருக்கமாகத் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்து அனுப்புங்கள். சட்டத்தைக் கழற்றுகிறவர் குப்புறப் போட்டுக் கழற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடியில் ஒரு வெள்ளைத்துணி விரித்துக்கொள்ளட்டும். உதிர்ந்து கிடக்கிற அந்த நாலைந்து சமிக்கியையும் மெல்லிய தூரிகையால் தள்ளி ஒரு சின்னக் காகித உறையில் எடுத்து வையுங்கள். எந்த இடத்திலிருந்து விழுந்தது என்று பசைத்தடம் சொல்லும், திரும்ப வைத்துவிடலாம்.